தேடல் வரைபும் சந்தை விலையும்

விளைவித்தவரே விலை சொல்ல முடியாத பொருளாக விவசாயப் பொருள் இருந்து வருகிறது என்பது எமது கமக்காரரின் நெடுநாட் குறை. கத்தரிக்காயைச் சாக்கில் கட்டிச் சந்தையில் இறக்கிய பின்னர்தான் அன்றைய விலை தெரியவருகிறது. சில மாதங்களுக்கு முன்னர், நாற்று நட்ட நாளிலே, அந்த விலையைப் பற்றி ஓரளவாவது தெரிந்திருந்தால் அத்தனை பரப்பிலும் கத்தரி நட்டிருப்பாரோ தெரியாது. பெருங் கம்பெனிகள் தம்மை இந்த நிலையில் விட்டுவைப்பதில்லை. புதிய சவர்க்காரம் ஒன்றைச் சந்தைக்கு விடுமுன்னர் யார் வாங்குவார், எந்த மணத்தை விரும்புவார், என்ன விலை கொடுப்பார் என்று ஆள் அனுப்பிக் கேட்டறிகின்றன. இதையே சந்தை ஆய்வு என்கிறோம். அதற்கான பணமும் ஆளணியும் ஒரு மாதர் சங்கத்திடமோ சிக்கனக் கடனுதவிச் சங்கத்திடமோ இருப்பதில்லை.

ஆயினும் கடந்த இருபது ஆண்டுகளில் இந்த ஆய்வின் ஒரு சிறு துண்டு எல்லோருடைய கைக்கும் எட்டும் தூரத்திற்கு வந்திருக்கிறது. மக்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பது பற்றிய தரவே அது. கூகிள் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் கூகிள் ட்ரெண்ட்ஸ் என்னும் சேவையை ஆரம்பித்தது. 2008இல், விளம்பரம் செய்வோரையும் ஆய்வாளரையும் மனதிற்கொண்டு இன்னும் விரிவான ஒரு சேவையைத் தொடக்கி, 2012இல் இரண்டையும் ஒன்றாக்கியது. அதில் ஒரு சொல்லை எழுதினால், 2004ஆம் ஆண்டு முதல் அந்தச் சொல்லைத் தேடுவோரின் பங்கு எப்படி ஏறி இறங்கியது என்பதை ஒரு வரைபாகக் காட்டும். நாடு வாரியாகவும் பார்க்கலாம், மாகாண வாரியாகவும் பார்க்கலாம். கட்டணம் எதுவும் இல்லை. கைத்தொலைபேசி ஒன்று போதும்.

எமது கிராமங்களின் இளைஞரும் இதனை அறிந்துகொண்டுவிட்டனர். இது நல்ல செய்தியே. ஆனால் வரைபைப் பார்த்த கையோடு கடன் விண்ணப்பம் எழுதும் பழக்கமும் கூடவே வந்துகொண்டிருப்பதால், இந்த வரைபு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியமாகிறது.

நூறு என்றால் என்ன?

வன்னியில் மாதர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் நாம் இருந்தபோது, உறுப்பினர் ஒருவரின் மகன் தனது தொலைபேசியை எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். முருங்கையிலைத் தூள் பற்றிய தேடல் உலகளவில் நூறைத் தொட்டுவிட்டதாம். "சுவாமி, நூற்றுக்கு நூறு! இதுக்கு மேலை என்ன வேணும்?" என்று கேட்டார். சங்கத்தின் எண்ணம் இதுதான்: கடன் எடுத்து உலர்த்தும் பொறி ஒன்றை வாங்குவது, இரண்டு ஏக்கரில் முருங்கை வைப்பது. இருவர் நகையை அடைவு வைக்கவும் தயாராக இருந்தனர்.

இந்த நூறு பரீட்சைப் புள்ளியைப் போன்றதன்று. கூகிள் முதலில், குறித்த இடத்தில் குறித்த காலத்தில் நடந்த எல்லாத் தேடல்களிலும் எமது சொல்லின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறது. பின்னர் நாம் கேட்ட காலப்பகுதியில் அந்தப் பங்கு எப்போது உச்சத்தில் இருந்ததோ அந்தக் கிழமைக்கு நூறு என்று பெயர் வைத்து, மற்றவற்றை அதற்கு ஏற்பச் சுருக்குகிறது. உதாரணத்திற்கு ஒரு கணக்கு: ஓரிலட்சம் தேடலில் நான்கு பேர் முருங்கையைத் தேடிய கிழமைதான் உச்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்குதான் நூறு. இரண்டு பேர் தேடிய கிழமை ஐம்பது. கோப்பியை ஓரிலட்சத்தில் நானூறு பேர் தேடினாலும் அதன் உச்சமும் நூறுதான். தனியே பார்த்தால் எந்தச் சொல்லும் எங்கோ ஓரிடத்தில் நூறைத் தொட்டே தீரும். எத்தனை பேர் தேடினர் என்ற தொகையை இச்சேவை தருவதேயில்லை.

அன்று அந்தத் தம்பியிடமே, அதே வரைபில் கோப்பியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னோம். ஒரே தடவையில் ஐந்து சொற்கள் வரை ஒப்பிடலாம். கோப்பியின் கோடு மேலே ஓட, முருங்கையின் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கூட்டத்தில் சிரிப்பு. தம்பிக்குச் சற்று முகம் வாடியதென்னவோ உண்மை, ஆனால் அவர் கெட்டிக்காரர், அடுத்த கேள்வியை அவரே கேட்டார்: "அப்ப தேடுறவை எல்லாரும் வாங்குறவையோ?"

அதுவே சரியான கேள்வி. முருங்கையைத் தேடுபவர் அதன் மருத்துவக் குணத்தை அறிய விரும்பும் மாணவராக இருக்கலாம், வளவில் மரம் நடுபவராக இருக்கலாம், எம்மைப் போலவே விற்க நினைப்பவராகவும் இருக்கலாம். தேடலின் எண்ணிக்கைக்குள் வாங்குவோரும் விற்போரும் வேடிக்கை பார்ப்போரும் ஒன்றாகவே அடங்குகின்றனர்.

அடுத்த வாரம் சங்கத்தினர் ஏற்றுமதியாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தனர். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. தூளின் ஈரப்பதன் எவ்வளவு, ஆய்வுகூட அறிக்கை உண்டா, மாதம் தவறாமல் எத்தனை கிலோ தருவீர்கள் என்று கேட்டார். இவற்றுள் ஒன்றுக்கேனும் தொலைபேசி வரைபில் விடை இருக்கவில்லை. பொறி வாங்கும் யோசனையை ஒத்திவைத்து, இருக்கும் மரங்களின் இலையை நிழலில் உலர்த்தி, நகரத்துக் கடைகள் இரண்டுக்குச் சிறு பொதிகளாகக் கொடுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. நகைகள் வீட்டிலேயே இருந்தன.

மஞ்சளின் கதை

தேடல் தரவை வைத்துச் சந்தையைக் கணித்ததற்கு எமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் மஞ்சள். ஐக்கிய அமெரிக்காவில் மக்கள் உணவு பற்றித் தேடியவற்றை ஆராய்ந்து கூகிள் நிறுவனம் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உணவுக் கம்பெனிகளும் விளம்பரகாரரும் பயன்படுத்துவதற்கென்றே எழுதப்பட்டது அது. உடல்நலத்திற்காக உண்ணும் பொருட்களின் தேடலில் மஞ்சளே முன்னணியில் நின்றது. 2015 நவம்பருக்கும் 2016 சனவரிக்கும் இடையில் மட்டும் மஞ்சள் பற்றிய தேடல் 56 சதவீதம் உயர்ந்ததாக அந்த அறிக்கை காட்டியது. எமது அம்மாமார் இருமலுக்கு மஞ்சளும் மிளகும் போட்டுக் காய்ச்சித் தந்த பால், புதிய பெயர் சூட்டிக்கொண்டு மேல்நாட்டுக் கோப்பிக் கடைகளில் ஏறியதும் இந்தக் காலத்தில்தான். அறிக்கையை வாசித்து வேளைக்குத் தூள், குளிகை, பானம் என்று பொதி செய்தவர்களுக்கு நல்ல வியாபாரம் வாய்த்திருக்கும்.

இதை ஒரு கமக்காரர் வாசித்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்? மஞ்சள் நட்டுக் கிண்ட எட்டு, ஒன்பது மாதங்கள் செல்லும். அவித்து, உலர்த்தி, மெருகேற்ற மேலும் காலம் வேண்டும். உலகின் மஞ்சளில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் விளைவது இந்தியாவில். ஈரோட்டிலும் நிசாமாபாத்திலும் களஞ்சியத்தில் மஞ்சளை அடுக்கி வைத்திருந்த வியாபாரிக்கு அந்த வரைபு உடனே பணம். அதைப் பார்த்துப் புதிதாக நடுபவருக்கு அது ஒன்பது மாதத்திற்குப் பிந்திய செய்தி. அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் அது களஞ்சியம் உள்ளவருக்காக எழுதப்பட்டது.

இலங்கையில் மஞ்சளின் கதை வேறுவிதமாக நடந்தது. 2019 டிசம்பரில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. சில மாதங்களில் கொரோனாத் தொற்று வந்து, கறிக்கு மட்டுமன்றி வாசலில் தெளிக்கவும் மஞ்சள் தேவைப்பட்டது. 2020இல் விலை பல மடங்கு ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகுகளில் மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் மஞ்சள் மூட்டைகள் கடத்தி வரப்பட்டதும், கடற்படையினர் அவற்றைக் கைப்பற்றியதும் அந்நாட் பத்திரிகைகளின் வழக்கமான செய்தி. மஞ்சளுக்குக் கேள்வி இருக்கிறதா என்று அறிய அந்த ஆண்டில் எவருக்கும் வரைபு தேவைப்படவில்லை. அந்த விலையை ஏற்றியது அரசாங்கக் கட்டளை ஒன்று. கட்டளையால் ஏறிய விலை கட்டளையாலேயே இறங்கவும் கூடும். அது எப்போது இறங்கும் என்பது எந்தத் தேடல் தரவிலும் அகப்படாது.

அச்சத்தால் நடக்கும் தேடலையும் இங்கே சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வீடுகளில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தபோது, எரிவாயுவைப் பற்றித் தேடியவர்களுள் அதை வாங்கும் ஆசையில் தேடியவர் எத்தனை பேர்? 2022இல் எரிபொருளைத் தேடியவர் பலர் எந்த நிலையத்தில் வரிசை குறைவு என்று தேடியிருக்கலாம். தேடல் ஏறியது என்றால் விருப்பம் ஏறியது என்று பொருள் கொள்வோர், இந்த இரு ஆண்டுகளையும் மறவாமல் இருப்பது நல்லது.

காய்ச்சலைக் கணித்த கதை

தேடல் தரவு பயனற்றது என்று இதனால் யாரும் எண்ணிவிடக்கூடாது. கூகிள் நிறுவனத்தின் பொருளியலாளர் ஹால் வேரியன் என்பவரும் சோய் என்பவரும் ஓர் ஆய்வு செய்தனர். மோட்டார் வாகன விற்பனை, வேலையற்றோர் உதவிக்கான விண்ணப்பம், ஹொங்கொங்கிற்கான சுற்றுலாப் பயணம் முதலியவற்றின் உத்தியோகபூர்வப் புள்ளிவிபரம் வெளிவரப் பல நாட்கள் பிந்துகிறது. தேடல் தரவோ உடனுக்குடன் கிடைக்கிறது. பழைய விற்பனைக் கணக்கோடு தேடல் தரவையும் சேர்த்தபோது கணிப்பு 5 முதல் 20 சதவீதம் வரை திருந்தியதாக அவர்கள் கண்டனர். அவர்கள் கையாண்ட சொல் கவனிக்கத்தக்கது. எதிர்காலத்தைக் கணிப்பதாக அவர்கள் சொல்லவில்லை. நிகழ்காலத்தைக் கணிப்பதாகவே சொன்னார்கள். மேலும், பழைய கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு அதைச் செய்யவுமில்லை.

பழைய கணக்கை நம்பாமல் தேடலை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நிறுவனத்திலேயே சான்றுண்டு. இன்புளுவென்சாக் காய்ச்சல் எங்கே பரவுகிறது என்பதை மக்களின் தேடலிலிருந்தே கண்டுபிடிக்கும் திட்டமொன்று 2008 நவம்பரில் தொடங்கியது. ஐந்து கோடித் தேடற் சொற்களைச் சலித்து, அவற்றுள் 45ஐத் தெரிந்தெடுத்தனர். அமெரிக்கச் சுகாதார அதிகாரிகளின் அறிக்கை ஒன்று, இரண்டு வாரம் பிந்தி வரும். இதுவோ ஒரு நாளில் சொல்லிவிடும். உலகம் வியந்தது. 2009இல் புதிய வகைக் காய்ச்சல் வந்தபோது அதன் முதல் அலையை இத்திட்டம் குறைத்து மதிப்பிட்டது. 2012-13 பருவத்தில் உண்மையான அளவைப் போல இரு மடங்கு சொன்னது. 2011 ஓகஸ்ட் தொடக்கம் 108 வாரங்களில் 100 வாரங்கள் அது அதிகமாகவே சொல்லிவந்தது என்று 2014இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். 2015இல் திட்டம் நிறுத்தப்பட்டது.

எங்கே பிழைத்தது? காய்ச்சல் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்தால் சுகதேகியும் தேடுவார். தேடும்போது கூகிளே வேறு சொற்களை எடுத்துக் கொடுக்கிறது. அதனாலும் தேடல் பெருகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கப் பாடசாலைகளின் கூடைப்பந்தாட்டமும் காய்ச்சலும் ஒரே குளிர்காலத்தில் வருபவை. ஆகையால் கூடைப்பந்துத் தேடல்கள் காய்ச்சலோடு அழகாகப் பொருந்தி ஏறி இறங்கின. அவற்றை ஆட்கள்தான் பார்த்து நீக்கவேண்டியிருந்தது. தை மாதத்தில் பொங்கற் பானையும் விற்கும், தடிமனும் வரும். ஒன்று மற்றதன் காரணமாகாது.

பெயரில் உள்ள சங்கடம்

எமது பொருட்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. மஞ்சள் என்று தமிழில் தேடியவர் நிறத்தைத் தேடினாரா, கறிக்குப் போடும் சரக்கைத் தேடினாரா, காமாலை நோயைத் தேடினாரா? சிங்களத்தில் 'கஹ' என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள். ஒரே வீட்டில் தந்தை தமிழெழுத்திலும், மகள் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லையும், மருமகன் ஆங்கிலச் சொல்லையும் எழுதித் தேடுவர். கூகிள் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. எழுதிய சொல்லை அப்படியே பார்க்காமல், ஒரு பொருளுக்குப் பல மொழிகளிலும் உள்ள சொற்களை ஒரு தலைப்பின் கீழ் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் எமது சிறு பொருட்கள் பலவற்றுக்கு அவ்வாறான தலைப்பு இருப்பதில்லை.

இருந்தபோதிலும் இந்தச் சங்கடமே எமக்கு ஒரு நன்மையாகவும் அமையலாம். யாழ்ப்பாணத்தார் பனங்கட்டி என்பதைத் தமிழ்நாட்டார் கருப்பட்டி என்கின்றனர், பனைவெல்லம் என்கின்றனர். எமது கருப்பணி அங்கே பதநீர். எமது சங்கம் பொதியின் மேல் பனங்கட்டி என்று மட்டும் அச்சிட்டால், கருப்பட்டி தேடும் சென்னைக்காரர் கண்ணில் அது படாது. முருங்கையின் ஆங்கிலப் பெயரையும் வெளிநாட்டவர் ஒரே விதமாகச் சொல்வதில்லை. வாங்குவோர் எந்தப் பெயரால் அழைக்கின்றனர் என்று அறிவதற்குத் தேடல் தரவைப் போல மலிவான வழி வேறில்லை. வரைபின் கீழே, இச்சொல்லைத் தேடியவர் கூடவே எவற்றைத் தேடினர் என்ற பட்டியலும் வரும். எமது அனுபவத்தில் வரைபைவிட இந்தப் பட்டியலே கூடுதலாக உதவுகிறது. சர்க்கரை நோயாளர் உண்ணலாமா, எப்படிக் கெடாமல் வைப்பது, எங்கே வாங்கலாம் என்று மக்களுக்குள்ள ஐயங்கள் அதில் தெரியும். பொதியின் பின்புறத்தில் எழுத வேண்டியவற்றை அதிலிருந்தே எடுக்கலாம்.

பருவத்தை அறிவதற்கும் இது உதவும். ஒரு வருட வரைபைப் பார்க்காமல் ஐந்து வருட வரைபைப் பார்க்க வேண்டும். ஒவ்வோராண்டும் ஒரே மாதத்தில் ஏறி இறங்கும் கோடு நம்பத்தக்கது. கேக் பற்றிய தேடல் மார்கழியில் ஏறுவதைப் போல. ஏறத் தொடங்குவது எந்தக் கிழமையில் என்று பார்த்தால், பொதி செய்து கடைக்கு அனுப்ப வேண்டிய நாளை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். ஓராண்டில் மட்டும் கூரையைத் தொட்டு விழுந்த கோட்டை நம்பி மரம் நடக்கூடாது. வருடக்கணக்கில் மெல்ல இறங்கும் கோட்டையும் உடனே நம்பிவிடலாகாது. 2004இல் இணையத்தில் இருந்தோர் பெரும்பாலும் படித்த சிலர். பின்னர் சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் எல்லோரும் வந்துவிட்டனர். பங்கு குறைந்த ஒரு சொல்லின் தொகை உண்மையில் கூடியும் இருக்கலாம்.

இந்தக் கணக்கிலே இடம்பெறாதவர் யார் என்பதும் எம்மைப் போன்றோர் கேட்க வேண்டிய கேள்வி. எமது ஊரில் பொருள் வேண்டுபவர் அயல்வீட்டு அக்காவிடம் கேட்கிறார், வட்ஸ்அப்பில் தங்கச்சிக்குக் குரற்செய்தி அனுப்புகிறார், யூரியூப்பில் காணொளி பார்க்கிறார். முதல் இரண்டும் எந்த வரைபிலும் ஏறுவதில்லை. யூரியூப் தேடலைத் தனியாகத் தெரிவு செய்துதான் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் மூதாட்டி வாங்கும் பொருளுக்கும் பணம் பணம்தான், ஆனால் அவர் எதையும் தேடியதில்லை.

ஆகவே எமது சங்கங்களில் இதனை இப்படிக் கையாளுமாறு சொல்லி வருகிறோம். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் வெளியிடும் விலை விபரங்களை ஒரு கொப்பியில் கிழமை தோறும் எழுதி வரவேண்டும். அதே பக்கத்தில் தேடல் எண்ணையும் எழுதலாம். ஓராண்டு எழுதினால், எண் ஏறிய பின் விலை ஏறியதா, அல்லது இரண்டுக்கும் தொடர்பே இல்லையா என்பது எவருடைய விளக்கமும் இன்றித் தெரியும். இதற்கு ஓ.எல். கணிதம் படித்த ஒரு பிள்ளை போதும். கூடவே மூன்று கடைக்காரரிடம் மாதம் ஒருமுறை நேரில் கேட்டு எழுதுவதையும் விடக்கூடாது.

வட மாகாணத்தைத் தெரிவு செய்து ஒடியல் என்று எழுதிப் பார்ப்பவருக்குப் போதிய தரவு இல்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். குறைந்த எண்ணிக்கையிலான தேடல்களைக் கூகிள் பூச்சியம் என்றே காட்டுகிறது. அந்தப் பதிலைப் பெற்ற பிள்ளையைத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஒரு காலை வேளையில் அனுப்பி, ஒடியலும் புழுக்கொடியலும் எத்தனை கடையில் இருக்கிறது, கிலோ என்ன விலை, யார் வாங்குகிறார்கள் என்று எண்ணி வரச் சொல்ல வேண்டும். அதுவும் அதே கொப்பியில், அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டியது.